புற்றுநோயின் வேர் தேடிய டாக்டர் கானோல்கர்

(இரண்டாம் ஆண்டு, இளம் அறிவியல் – விலங்கியல்)

காசநோய்க்குக் கிருமி கண்டார்கள். மலேரியாவுக்குக் கொசு கண்டார்கள். ராபர்ட் காக் என்றும் ரொனால்டு ராஸ் என்றும் ஒரு மதிப்பெண் வினாவுக்கு விடை எழுதாமல் நம்மில் எவரும் பள்ளிப்படிப்பைத் தாண்டி வந்திருக்க முடியாது. ஆனால் வாய்ப்புற்று நோயின் வேர் நம் நாட்டு மக்களின் எந்தெந்தப் பழக்கத்தில் புதைந்து கிடக்கிறது என்று தேடிக் கண்டவர் யார் என்று கேட்டுப் பாருங்கள்! விலங்கியல் படிக்கும் எங்கள் வகுப்பிலேயே கேட்டேன், விடை வரவில்லை. மருத்துவ உலகிலோ அவர் பெயர் பெரும் பெயர். இந்திய நோயியலின் தந்தை என்றே அவரைப் போற்றுவர். டாக்டர் வசந்த் ராம்ஜி கானோல்கர் என்பது அப்பெருமகனாரின் பெயர். சிப்காட் புகைபோக்கிகளைப் பார்த்தே வளர்ந்த கும்மிடிப்பூண்டிப் பிள்ளைகள் அவர் வரலாற்றை அவசியம் அறிய வேண்டும் என்பது என் எண்ணம். ஏன் என்பதைப் போகப் போகச் சொல்கிறேன்.

பிறப்பும் கல்வியும்

இன்று பாகிஸ்தானில் உள்ள குவெட்டா நகரில் 1895-ஆம் ஆண்டு ஏப்ரல் 13-ஆம் நாள் கானோல்கர் பிறந்தார். மருத்துவம் பயில லண்டன் சென்றார். லண்டன் பல்கலைக்கழகத்தில் 1923-ஆம் ஆண்டு நோயியலில் எம்.டி. பட்டம் பெற்றார். அந்நாளில் லண்டன் பட்டத்தோடு கப்பலிலிருந்து இறங்கும் மருத்துவருக்கு வாசலில் பெயர்ப்பலகை மாட்டினால் போதும், பணம் கொட்டும். கானோல்கரோ நோயியலைத் தேர்ந்தெடுத்தார். நோயியல் என்பது நாடி பிடிக்கும் வேலையன்று. அறுவை மருத்துவர் வெட்டி அனுப்பும் சதைத் துண்டை மெல்லிய சீவலாக்கி, சாயமேற்றி, கண்ணாடித் தகட்டில் வைத்து நுண்ணோக்கியில் பார்ப்பவரே நோயியலார். நோயாளி அவர் முகத்தைப் பார்ப்பது அரிது. கைராசிக்காரர் என்று அவரை யாரும் புகழ்வதும் இல்லை.

தாயகம் திரும்பிய அவர் பம்பாய் கிராண்ட் மருத்துவக் கல்லூரியிலும், பிறகு சேத் ஜி.எஸ். மருத்துவக் கல்லூரியிலும் நோயியல் பேராசிரியராகப் பணியாற்றினார். இரண்டாவதாகச் சொன்ன கல்லூரியைப் பற்றி ஒரு வார்த்தை. வெள்ளையர் ஆட்சியில் மருத்துவக் கல்லூரிகளின் உயர் பதவிகள் பெரும்பாலும் வெள்ளையருக்கே உரியனவாக இருந்தன. அந்த நிலையில், ஆசிரியர்கள் அனைவரும் இந்தியராகவே இருக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு பெற்ற நன்கொடையால் 1926-ஆம் ஆண்டு எழுந்த கல்லூரி அது.

புற்றுநோய் மேலை நாட்டு நோய், இந்தியாவில் அது அரிது என்ற கருத்து அக்காலத்து மருத்துவர் பலரிடம் வேரூன்றியிருந்தது. 1930-களில் விஸ்வநாத், கிரேவால் ஆகிய இருவரும் மருத்துவமனைப் பதிவுகளை ஆராய்ந்து அக்கருத்து சரியன்று எனக் காட்டினர். பொதுமக்களிடமோ வேறொரு கருத்து இருந்தது, இன்றும் இருக்கிறது. அது தலையெழுத்து என்பது. முன்வினை என்பாரும் உண்டு. நோய்க்குக் காரணம் தலையில் எழுதியிருக்கிறது என்று முடிவு கட்டிய பிறகு, வாய்க்குள் தேட யாருக்குத் தோன்றும்?

டாட்டா நினைவு மருத்துவமனையில்

தொழிலதிபர் சர் தோராப்ஜி டாட்டாவின் துணைவியார் மெஹர்பாய் இரத்தப் புற்றுநோயால் 1931-இல் காலமானார். அடுத்த ஆண்டில் தோராப்ஜியும் மறைந்தார். அவர் பெயரால் அமைந்த அறக்கட்டளை பம்பாய் பரேல் பகுதியில் எழுப்பிய புற்றுநோய் மருத்துவமனை 1941-ஆம் ஆண்டு பிப்ரவரி 28-ஆம் நாள் திறக்கப்பட்டது. அதன் ஆய்வுக்கூடங்களுக்கும் ஆராய்ச்சிக்கும் இயக்குநராகப் பொறுப்பேற்றார் கானோல்கர். நாட்டின் எல்லா மூலைகளிலிருந்தும் நோயாளிகள் அங்கே வந்து சேர்ந்தனர். ஒரு மாநிலத்து நோயையே பார்த்துக்கொண்டிருந்தவர்களுக்குத் தோன்றாத வினா, எல்லா மாநிலத்து நோயும் ஒரே மேசைக்கு வந்து சேர்ந்தபோது அவருக்குத் தோன்றியது.

மேலை நாட்டுப் பாடநூல்களில் வாய்ப்புற்றுக்கு ஒதுக்கிய இடம் சிறியது. அவர் மேசைக்கு வந்த துண்டுகளிலோ கன்னம், நாக்கு, ஈறு, உதடு, அண்ணம் என்று வாயின் உறுப்புகளே திரும்பத் திரும்ப வந்தன. தொடர்ச்சியாக வந்த 1,000 வாய்ப்புற்று நோயாளிகளைப் பற்றி அவர் எழுதிய ஆய்வுக் கட்டுரை அமெரிக்காவின் ‘கான்சர் ரிசர்ச்’ இதழில் 1944-ஆம் ஆண்டு வெளிவந்தது. ஆயிரம் பேர்! மேலை நாட்டு மருத்துவர் ஒருவர் தம் வாழ்நாள் முழுவதும் காணாத கூட்டம் அது.

மனிதன் செய்யும் வேலைக்கும் அவனுக்கு வரும் புற்றுக்கும் தொடர்பு உண்டு என்பது அதற்கு முன்பே தெரிந்த செய்திதான். லண்டனில் புகைபோக்கிகளுக்குள் ஏறிக் கரி துடைத்த சிறுவர்களுக்குப் பின்னாளில் விதைப்பையில் புற்று வருவதைப் பெர்சிவல் பாட் என்ற அறுவை மருத்துவர் 1775-இலேயே எழுதினார். காஷ்மீரத்து மக்கள் குளிருக்காகக் ‘காங்கிரி’ என்னும் கணப்புச் சட்டியை உடைக்குள் வயிற்றோடு அணைத்துக் கொள்வார்கள். சூடுபட்ட அந்த வயிற்றிலும் தொடையிலுமே அவர்களுக்குப் புற்று வந்ததை அங்கிருந்த மருத்துவர் நீவ் எடுத்துரைத்தார். நம் தென்கோடிக்கும் இவ்வரலாற்றில் இடம் உண்டு. இன்று குமரி மாவட்டத்தில் இருக்கும் நெய்யூர், அன்று திருவிதாங்கூரைச் சேர்ந்தது. அவ்வூர் மிஷன் மருத்துவமனையின் டாக்டர் ஆர், வெற்றிலை பாக்கு மெல்வோருக்கு வரும் வாய்ப்புற்றைப் பற்றி 1933-ஆம் ஆண்டு ‘லான்செட்’ இதழில் எழுதினார். இவையெல்லாம் தனித்தனிச் செய்திகளாகக் கிடந்தன. இவற்றை ஒரு நூலில் கோத்தவர் கானோல்கர்.

மூன்று புற்றுகள்

1945-ஆம் ஆண்டு சூர்யாபாய் என்ற ஆய்வாளரோடு சேர்ந்து அவர் எழுதிய கட்டுரை, வழக்கங்களுக்கும் புற்றுநோய்க்கும் உள்ள தொடர்பைப் பற்றியது. இந்தியாவிலிருந்து மூன்று புதிய வகைகளை அக்கட்டுரை உலகுக்கு அறிவித்தது. இதைப் படித்தபோது துப்பறியும் கதை படிப்பது போலவே எனக்கு இருந்தது.

முதல் வகை கைனியால் வருவது. பீகார்ப் பகுதி மக்கள் புகையிலைத் தூளை உள்ளங்கையில் இட்டு, சுண்ணாம்பு சேர்த்துக் கட்டைவிரலால் தேய்த்து, தட்டி, கீழுதட்டுக்கும் ஈறுக்கும் நடுவே அடக்கிக் கொள்வார்கள். அவர்களுக்குப் புற்று எழும் இடமும் அதே பள்ளந்தான்.

இரண்டாவது வகை சுட்டா. நாம் சுருட்டு என்கிறோமே, அதுதான். ஆனால் விசாகப்பட்டினம், ஸ்ரீகாகுளம் கடலோரப் பகுதிகளில், குறிப்பாகப் பெண்கள், எரியும் நுனியை வாய்க்குள் வைத்துப் புகைப்பார்கள். காற்றிலும் நீர்த்திவலையிலும் நெருப்பு அணையாது என்பதால் இவ்வழக்கம் வந்தது என்பர். வாய்க்குள்ளே கனல் இருந்தால் சூடு எங்கே தாக்கும்? மேலண்ணத்தில்! உலகின் பிற பகுதிகளில் மிக அரிதான அண்ணப் புற்று அங்கே மிகுதியாகக் காணப்பட்டது.

மூன்றாவது வகைக்கும் புகையிலைக்கும் தொடர்பே இல்லை. வேட்டியை ஆண்டுக்கணக்கில் இடுப்பில் ஒரே இடத்தில் இறுக்கிக் கட்டுவோருக்கு அவ்விடத்துத் தோல் தடித்து, நிறம் மாறி, வெடித்து, புண்ணாகி, சிலருக்குப் புற்றாக முடிகிறது. வேட்டிப் புற்று என்றே அதற்குப் பெயர் வந்தது. பாவாடை நாடா அழுத்தும் இடத்தில் பெண்களுக்கும் இது வருவதைப் பின்னால் வந்த மருத்துவர்கள் கண்டனர். இது அரிதான நோயே. வேட்டி கட்டும் தாத்தாக்கள் அஞ்ச வேண்டாம்.

இம்மூன்றையும் நெய்யூரையும் காஷ்மீரத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பீகாரிக்கு உதட்டுப் பள்ளம், ஆந்திரக் கடற்கரைக்கு அண்ணம், வெற்றிலை அடக்கும் தெற்கத்தியாருக்குக் கன்னம், காஷ்மீரிக்கு வயிறு. இந்திய வரைபடத்தையே மனித உடம்பின்மேல் விரித்தது போல் இல்லையா? பொருள் எங்கே தங்குகிறதோ அங்கே நோய் எழுகிறது. தலையெழுத்து காரணமானால் அது பீகாரிக்கு உதட்டையும் ஆந்திரப் பெண்ணுக்கு அண்ணத்தையும் தேடிப் போவானேன்? கானோல்கரின் சாதனைகள் எல்லாவற்றிலும் இதுவே பெரிது என்பேன்.

கும்மிடிப்பூண்டிக்கும் இதற்கும் என்ன தொடர்பு என்று இப்போது சொல்லலாம். கானோல்கரின் மேசைக்கு வந்து சேர்ந்த இந்தியா இன்று சிப்காட் வாயிலில் ஷிப்ட் மாறும் நேரத்தில் நிற்கிறது. பீகார், ஒரிசா, ஜார்க்கண்ட் ஆட்கள் உள்ளங்கையைத் தேய்த்துக் கொண்டே நடக்கிறார்கள். ஆரம்பாக்கம் தாண்டினால் ஆந்திரம். அங்கிருந்து வருவோர் சுருட்டுக் கட்டோடு வருகிறார்கள். நம்மவர்கள் வெற்றிலைப் பொட்டலத்தை இடுப்பில் செருகிக் கொண்டு நிற்கிறார்கள். ஒருவர் வழக்கத்தை மற்றவர் பழகிக் கொள்ளவும் செய்கிறார்கள்.

என் தந்தையார் இங்கே ஓர் இரும்பு ஆலையில் உலைக்கு முன் வேலை செய்கிறார். எங்கள் குடும்பத்தில் கல்லூரிப் படியை மிதித்த முதல் ஆள் நான். அந்தப் படிக்கு விலை அவருடைய இரவு ஷிப்ட். உலைக்கு முன் நிற்கையில் பீடி பிடிக்க அனுமதியில்லை, கையும் ஓயாது. வாயோ வறண்டு போகும். இரவு இரண்டு மணிக்குக் கண் செருகினால் காலில் கம்பி விழும். ஆகவே வெற்றிலையும் புகையிலையுமாக இருந்தவர், உடன் வேலை செய்யும் பீகார்க்காரரைப் பார்த்துக் கைனிக்கு மாறினார். தூக்கம் விரட்டும் மருந்து என்பது அவர் கட்சி. அவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. புகையிலை கெட்டது என்று சுவரில் எழுதி வைப்பவர்களுக்கு இரவு இரண்டு மணியின் அந்த உலைவாய் தெரியாது.

மூன்று புற்றுகளைப் பற்றிப் படித்த அன்று அவருடைய கீழுதட்டை விலக்கிக் காட்டச் சொன்னேன். இடப்பக்கம், பற்களுக்குக் கீழே, நகத்தளவு வெள்ளையாக ஒரு திட்டு இருந்தது.

எண்ணிப் பார்க்கும் முறை

கானோல்கரின் கதைக்குத் திரும்புவோம். பழக்கமே காரணம் என்று சொன்னதும் உலகம் ஒப்புக் கொண்டுவிடுமா? ஒரு சமூகத்தின் இரத்தத்திலேயே, பரம்பரையிலேயே நோய் இருக்கலாமே என்ற கேள்வி எழுந்தது. நம் நாட்டில் சாதிக்குள்ளேயே மணம் செய்வதால் ஒவ்வொரு சமூகமும் மரபியல் நோக்கில் ஒரு தனித்தீவு. எனவே கானோல்கரும் எல்.டி. சாங்வி என்ற ஆய்வாளரும் பம்பாயில் ஆறு சமூகத்தாரின் இரத்த வகை முதலிய மரபுப் பண்புகளை அளந்து ஆராய்ந்தனர். மருத்துவர் ஒருவர் மானிடவியலாரின் வேலையையும் தலைமேல் போட்டுக் கொண்டார் என்றே சொல்ல வேண்டும்.

அதற்குப் பின் வந்ததுதான் 1955-ஆம் ஆண்டு ‘பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னல்’ இதழில் சாங்வி, ராவ், கானோல்கர் மூவரும் வெளியிட்ட ஆய்வு. அதன் முறையை மட்டும் சற்று விளக்குகிறேன். வாய்ப்புற்று வந்த நூறு பேரில் எண்பது பேர் புகையிலை மெல்பவர்கள் என்று வைத்துக் கொள்வோம். இதனால் எதுவும் மெய்ப்படாது. ஊரிலேயே நூற்றுக்கு எண்பது பேர் மெல்லுகிறார்களோ என்னவோ! புற்று இல்லாத நூறு பேரையும் அதே வினாக்களைக் கேட்க வேண்டும். அங்கே முப்பது பேர்தான் மெல்பவர் என்றால் அப்போது பொருள் உண்டு. இந்த எண்கள் நான் விளக்கத்துக்காகச் சொன்னவை; முறை அவர்களுடையது. சிகரெட்டுக்கும் நுரையீரல் புற்றுக்கும் உள்ள உறவை இங்கிலாந்தில் டாலும் ஹில்லும் இதே வழியில்தான் 1950-இல் நிறுவினர். பம்பாய் ஆய்வு அதற்கும் ஒரு படி மேலே போய் மெல்வதையும் புகைப்பதையும் பிரித்துப் பார்த்தது. மெல்பவருக்கு வாயின் முன்பகுதியும், புகைப்பவருக்கு அடிநாக்கும் தொண்டையும் அதிகம் பாதிக்கப்படுவது தெரிந்தது. பொருள் தங்கும் இடத்தில் நோய் என்ற 1945-ஆம் ஆண்டின் விதி, பத்தாண்டுகள் கழித்துக் கணக்காகவும் நின்றது.

முதலாண்டு செய்முறை வகுப்பை நினைவுகூருங்கள். பல்குச்சியால் உட்கன்னத்தைச் சுரண்டி, மெத்திலீன் நீலம் ஒரு துளி விட்டு, செதிள் செல்களைப் படம் வரைந்தோமே, அந்தச் செல்தான் இக்கதையின் நாயகன். வாயின் உட்புறத்தை ஓடு வேய்ந்தாற்போல் மூடியிருக்கும் அச்செல்கள் ஓயாமல் உதிர்ந்து, அடியிலிருந்து புதிது புதிதாகப் பிறக்கின்றன. ஓயாமல் பிரியும் செல்லில் பிழை நேர வாய்ப்பும் மிகுதி. சுண்ணாம்பின் காரம் புகையிலையிலிருந்து நிக்கோட்டினை விரைந்து விடுவிக்கிறது; கிறுகிறுப்பு உடனே ஏறும் காரணம் அதுவே. அதே காரம் சவ்வையும் அரித்துப் புண்ணாக்குகிறது. புகையிலையைப் பதப்படுத்தும்போதும் சேமிக்கும்போதும் அதில் உண்டாகும் நைட்ரோசமீன்கள் என்னும் சேர்மங்கள் செல்லின் டி.என்.ஏ.வைத் தாக்குகின்றன. கானோல்கர் எழுதிய நாளில் டி.என்.ஏ.வின் வடிவமே தெரியாது என்பதை மறக்கலாகாது. காரணப் பொருள் இன்னதென்று அறியாமலே காரணத்தின் இடத்தை அவர் சுட்டிக் காட்டினார். உலக சுகாதார நிறுவனத்தைச் சார்ந்த பன்னாட்டுப் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை, புகையிலை கலந்த தாம்பூலம் புற்றுநோய் விளைவிப்பது என்று 1985-ஆம் ஆண்டு அறிவித்தது. புகையிலையே இல்லாவிட்டாலும் பாக்கு தீங்குதான் என்று 2004-ஆம் ஆண்டு வெளியிட்ட தொகுதியில் கூறியது. பாக்கு மட்டும்தானே என்று சொல்லும் பாட்டிமார் கவனிக்க.

பதவிகளும் பணிகளும்

1952-ஆம் ஆண்டு பம்பாயில் தோன்றிய இந்தியப் புற்றுநோய் ஆராய்ச்சி மையத்தை உருவாக்கி நடத்தியவர் கானோல்கர். அவரிடம் ஆராய்ச்சி பயின்ற டாக்டர் கமல் ரணதிவே அம்மையார் அங்கே திசு வளர்ப்பு ஆய்வுக்கூடத்தை நிறுவிப் பெரும்பெயர் பெற்றார். தொழுநோய் ஆராய்ச்சியிலும் கானோல்கருக்குப் பங்கு உண்டு. அம்மையத்தில் தொழுநோயாளரிடமிருந்து எடுத்து வளர்த்த நுண்ணுயிருக்கு மையத்தின் பெயரே வழங்குகிறது. பம்பாய்ப் பல்கலைக்கழகத் துணைவேந்தர், தேசிய ஆராய்ச்சிப் பேராசிரியர், பன்னாட்டுப் புற்றுநோய் எதிர்ப்பு ஒன்றியத் தலைவர் என்று பதவிகள் பல. பத்மபூஷண் விருதும் பெற்றார். வாழ்க்கைக் குறிப்பு எழுதுவோர் இவற்றைப் பக்கம் பக்கமாக எழுதுவர். எனக்கு அவற்றில் அவ்வளவு ஈடுபாடு இல்லை.

எனக்கு உறுத்துவது வேறொன்று. 1945-இல் தெரிந்த செய்தி ஊருக்குள் வர எத்தனை காலம்! சென்னையிலும் அறிவுக்குக் குறைவில்லை. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அம்மையார் முயற்சியால் 1954-இல் அடையாற்றில் புற்றுநோய் மருத்துவமனை எழுந்தது. அங்கே டாக்டர் சாந்தாவும் டாக்டர் கிருஷ்ணமூர்த்தியும் வாய்ப்புற்றின் காரணங்களை ஆராய்ந்து 1959-இல் கட்டுரை வெளியிட்டனர். ஆனால் ஆய்விதழ்கள் ஆங்கிலத்தில் வந்தன. பொட்டலங்களோ எல்லா மொழியிலும் பேசின. கையில் தேய்த்து அடக்கிய புகையிலை பிற்காலத்தில் பளபளக்கும் சிறு பாக்கெட்டுகளில் சரம் சரமாகப் பெட்டிக்கடையில் தொங்கத் தொடங்கியது. தமிழ்நாட்டில் குட்காவுக்கு 2013-ஆம் ஆண்டு தடை வந்தது. 2016–17-ஆம் ஆண்டின் தேசியக் கணக்கெடுப்பின்போதும் நாட்டில் வயதுவந்தோருள் 21.4 விழுக்காட்டினர் புகையில்லாப் புகையிலையைப் பயன்படுத்தினர். 2022-ஆம் ஆண்டிற்கான பன்னாட்டு மதிப்பீட்டின்படி அவ்வாண்டில் இந்தியாவில் புதிதாக வாய்ப்புற்றுக்கு ஆளானோர் ஏறத்தாழ 1,40,000 பேர்.

கானோல்கர் 1978-ஆம் ஆண்டு அக்டோபர் 29-ஆம் நாள் காலமானார். அவர் இருந்தபோதே, 1963-இல், நகர மக்களுக்கு வரும் புற்றுநோய் அனைத்தையும் பதியும் பதிவேடு பம்பாயில் தொடங்கியிருந்தது. 1980-களின் தொடக்கத்தில் சென்னையிலும் அத்தகைய பதிவேடு வந்தது.

தந்தையாரை மருத்துவமனைக்கு அழைத்துச் செல்ல மூன்று வாரம் பிடித்தது. ஒரு நாள் போனால் ஒரு நாள் கூலி போகும் என்பது அவர் வாதம். வாதத்தில் அவரை வெல்ல முடியாதாகையால், இரவு ஷிப்ட் முடிந்த காலையில் வீட்டுக்குக்கூட விடாமல் நேரே மின்சார ரயிலில் ஏற்றிச் சென்றேன். வெள்ளைத் திட்டைப் பார்த்த மருத்துவர் அம்மா, இது இன்னும் புற்று ஆகவில்லை, ஆனால் ஆகக்கூடியது என்றார். ஒரு துளி சதையை எடுத்துச் சோதனைக்கு அனுப்பினார். பிறகு தாளை எடுத்து வைத்துக் கொண்டு, எத்தனை ஆண்டுப் பழக்கம், ஒரு நாளைக்கு எத்தனை முறை, சுண்ணாம்பு சேர்ப்பது உண்டா, அடக்குவது இடப்பக்கமா வலப்பக்கமா, வாயில் வைத்தபடியே உறங்குவது உண்டா என்று ஒவ்வொன்றாகக் கேட்டு எழுதினார். பக்கத்து நாற்காலியில் பல்வலிக்கு வந்திருந்த ஒருவரையும் அதே வரிசையில் கேட்டார். தந்தையார் என்னைத் திரும்பிப் பார்த்துவிட்டு, இடப்பக்கம் என்றார்.